கையை எடுத்தாலும் பறக்க வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சீறிப் பாயும் ஜெட், இல்லையென்றால் தலைகீழாக வித்தை காட்டும் விமானம். நான் பேச வந்திருப்பது அவற்றைப் பற்றி அல்ல. நீளமான இறக்கை, ஒல்லியான உடம்பு, பால்சா கட்டையில் சட்டம் கட்டி, மேலே மெல்லிய தாளோ பட்டோ ஒட்டிய பழைய பாணி விமானங்கள். வெயில் பட்டால் உள்ளே இருக்கும் எலும்பெல்லாம் தெரியும். வேகமும் குறைவு. கீழே ஒரு சைக்கிள்காரர் கொஞ்சம் முனைந்து மிதித்தால் கூடவே வந்துவிடுவார்.

இந்த விமானங்களில் பல ரேடியோவுக்காக வரையப்பட்டவையே அல்ல. ஜூனியர் 60 என்று ஒன்று உண்டு. ஆல்பர்ட் ஹேட்ஃபுல் 1946இல் இங்கிலாந்தின் கெய்ல்கிராஃப்ட் நிறுவனத்துக்காக வரைந்தது. 60 அங்குல இறக்கை, அதனால்தான் அந்தப் பெயர். விக் ஸ்மீட் வரைந்த டாம்பாய் 1950இல் வந்தது. இவையெல்லாம் கையைவிட்டுப் போனால் போனதுதான். எஞ்சின் ஓடும்வரை தானாக ஏறும், நின்றதும் தானாக வட்டமடித்து இறங்கும். விட்டவர் வயலெல்லாம் தாண்டிப் பின்னாலேயே ஓடுவார்.

ரேடியோவும் அந்தக் காலத்திலேயே எட்டிப் பார்த்துவிட்டது. அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர் 1937இல் ‘கஃப்’ என்ற விமானத்தை ரேடியோவால் பறக்கவிட்டார்கள். இன்று அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகும் வெகுகாலம் சாதாரண ஆளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பொத்தான்தான். விமானத்துக்குள் முறுக்கிவிட்ட ரப்பர், அதோடு ஒரு சிறு பல்சக்கரம். பொத்தானை அழுத்தினால் ரட்டர், அதாவது வாலில் செங்குத்தாக நிற்கும் திசைத் துடுப்பு, வலப்பக்கம் திரும்பும். விட்டால் நடுவுக்கு வரும். மறுபடி அழுத்தினால் இடப்பக்கம். கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினோம் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ரப்பர் எங்கிருந்து போனது என்று யோசித்தால் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். உலக ரப்பரில் பெரும்பங்கு மலாயாவிலிருந்து கப்பலேறிய காலம் அது. நம் தாத்தா பாட்டிமார் வெட்டிய பாலும் அதில் இருந்திருக்கும்.

அப்படிப்பட்ட ரேடியோவை நம்பி யாரும் விமானத்தை ஓட்ட முடியாது. விமானத்துக்குத் தானாகப் பறக்கத் தெரிந்திருக்க வேண்டும். ரேடியோ அவ்வப்போது ‘இந்தப் பக்கம் வா’ என்று சொல்லும், அவ்வளவுதான். இன்று நம் கையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ, துடுப்புகளை அசைக்கும் நான்கு கிராம் சர்வோ, லித்தியம் பேட்டரி எல்லாம் வந்துவிட்டன. ஆனால் அந்த வடிவத்தின் குணம் மாறவில்லை. ஸ்டிக்கிலிருந்து இரண்டு கட்டைவிரலையும் எடுத்தால் அது ஒழுங்காகப் பறக்கிறதா? பறக்கவில்லை என்றால் இன்னும் ட்ரிம் ஆகவில்லை, அதாவது பறக்கும் சமநிலை அமையவில்லை என்று அர்த்தம்.

திடலுக்கு வரும் இளைஞர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். “அங்கிள், மூக்கைத் தூக்குது” என்பார்கள். சொல்லி முடிப்பதற்குள் ரிமோட்டில் இருக்கும் ட்ரிம் பட்டனை நான்கு தட்டு கீழே தட்டியிருப்பார்கள். விமானம் நேராகிவிடும், தம்பியும் சந்தோஷமாகிவிடுவார். எஞ்சினைக் குறைத்ததும் அதே விமானம் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு இறங்கும். குறை இருந்தது ஓரிடம், திருத்தியது வேறிடம்.

காற்றாடி விட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். நூல் கட்டும் இடத்தை அரை விரல் மாற்றினால் அடங்காமல் சுற்றுகிற காற்றாடியும் அமைதியாக நின்றுவிடும். அதைத் தரையில் உட்கார்ந்துதான் கட்ட வேண்டும். மேலே போன பிறகு நூலைப் பிடித்து இழுத்துப் பயனில்லை.

அதனால் முதல் வேலை தரையில். விமானத்துக்குப் பின்னால் ஐந்தாறு அடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இறக்கையைப் பாருங்கள். இரண்டு நுனியும் ஒரே மாதிரி இருக்கிறதா? பின்விளிம்பு நுனியில் லேசாக மேலே தூக்கியிருப்பது நல்லது, அது ஸ்டாலை, அதாவது வேகம் குறையும்போது இறக்கை தூக்கை இழப்பதை, தள்ளிப்போடும். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கோலாலம்பூர் ஈரக்காற்றில் இது பெரிய தொல்லை. இரவெல்லாம் மழை பெய்தால் தாள் ஒட்டிய இறக்கை காலையில் தொய்ந்திருக்கும். பத்து மணி வெயிலில் அதுவே இறுகும். சீராக இறுகாவிட்டால் முறுக்கு விழும். ஒரு பக்கத்து நுனி மட்டும் முன்விளிம்பைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

இந்த முறுக்கு செய்யும் வேலை விசித்திரமானது. இடது நுனி தூக்கியிருக்கிறது என்று வையுங்கள். வேகமாகப் போகும்போது அந்தப் பக்கத்துக்குக் கூடுதல் தூக்கு கிடைக்கும், விமானம் வலப்பக்கம் சாயும். வேகம் குறையும்போது அதே இடது நுனிதான் முதலில் ஸ்டாலாகும், விமானம் இடப்பக்கம் விழும். ரட்டர் ட்ரிம் வைத்து இதைச் சரிசெய்யவே முடியாது. ஒரு வேகத்துக்குச் சரியாக இருப்பது இன்னொரு வேகத்துக்குத் தப்பாக இருக்கும். கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் அந்த இடத்தைக் காட்டி, எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் அதிகமாகவே முறுக்கிப் பிடித்து, ஆறும்வரை விடாமல் வைத்திருந்தால் சரியாகும். பிளாஸ்டிக் உறை ஒட்டியிருந்தால் ஹீட் கன்னின் சூடான காற்று போதும்.

அடுத்தது எடைச் சமநிலை. இறக்கையின் அடியில் இரண்டு பக்கமும் விரல் நுனியை வைத்துத் தூக்கினால் விமானம் மட்டமாக நிற்கும் இடம். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு: மூக்கில் ஈயம் கூடக் கூடப் பாதுகாப்பு கூடும் என்று. நவீன விமானத்துக்கு அது ஓரளவு பொருந்தலாம். பழைய வடிவங்கள் பலவற்றில் பின்னால் இருக்கும் வாலும் இறக்கை மாதிரியே தூக்கு கொடுக்கும். அதனால் சமநிலைப் புள்ளி இறக்கை அகலத்தில் பாதி வரைக்கும், சிலவற்றில் அதற்கும் பின்னாலும் குறிக்கப்பட்டிருக்கும். பிளானில் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். மூக்கு கனத்தால் அதைத் தாங்கிப் பிடிக்க, வாலில் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரை மேலே வைக்க வேண்டிவரும். அந்த எலிவேட்டர் வேகம் கூடக்கூட இன்னும் பலமாக வேலை செய்யும். எஞ்சினைக் கூட்டியதும் விமானம் வானத்தைப் பார்த்து எழும்புவது அதனால்தான். ரேடியோ வைத்த பிறகு புள்ளியைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவரலாம், கை பதறாமல் ஓட்டலாம். கொஞ்சம்தான்.

சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நல்ல உயரத்தில் எஞ்சினைக் குறைத்து, மட்டமாகச் சறுக்கவிட்டு, மூக்கை லேசாகக் கீழே தள்ளி ஸ்டிக்கை விட்டுவிடுங்கள். விமானம் விறுக்கென்று மேலே எழுந்தால் மூக்கு கனம். மெதுவாக, பெரிய வளைவில் தன்னை நிமிர்த்திக்கொண்டால் சரி. நிமிராமல் இன்னும் செங்குத்தாகப் போனால் பின்கனம். உடனே நிமிர்த்தி இறக்கி, முன்னால் எடை வையுங்கள். அதோடு இன்னொரு சுற்று பறக்க ஆசைப்பட வேண்டாம்.

முதன்முதலில் பறக்கவிடுவதற்கு முன் கையால் எறிந்து பார்ப்பது பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. புல் வளர்ந்த இடம், காற்றுக்கு எதிராக, இறக்கை மட்டமாக, பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி ஒரு புள்ளியைப் பார்த்து விட வேண்டும். மேலே தூக்கி எறியக் கூடாது. மூக்கைத் தூக்கித் தூக்கி விழுந்தால் வாலின் முன்விளிம்புக்கு அடியில் மெல்லிய தக்கை வையுங்கள். மூக்கைக் குத்தினால் பின்விளிம்புக்கு அடியில். ஐஸ்கிரீம் குச்சியைச் சீவி வைத்தால் போதும். இறக்கையும் வாலும் ரப்பர் பேண்டில் கட்டியிருப்பதால் இதெல்லாம் திடலிலேயே ஐந்து நிமிட வேலை. ரப்பர் பேண்டை மட்டும் பழையது போடாதீர்கள். நம் வெயிலில் சீக்கிரம் வெடித்துவிடும்.

சறுக்கல் சரியான பிறகுதான் எஞ்சின். இங்கே நான் பிடிவாதக்காரன். சறுக்கலை இறக்கையிலும் வாலிலும் திருத்து, ஏற்றத்தை மோட்டாரில் திருத்து, இரண்டையும் கலக்காதே என்பேன். எஞ்சின் ஓடும்போது மட்டும் மூக்கு தூக்கினால் மோட்டாரைப் பிடித்திருக்கும் மேல் ஸ்க்ரூக்களுக்குப் பின்னால் ஒரு வாஷர் போட்டு முகத்தைக் கீழே சாய்க்க வேண்டும். இடப்பக்கம் இழுத்தால் வலப்பக்கம் சாய்க்க வேண்டும். இரண்டு மூன்று டிகிரியில் பெரும்பாலும் அடங்கிவிடும். விமானம் சாய்வதைத் தானே உணர்ந்து திருத்தும் கைரோவைப் போட்டால் இந்தத் தலைவலியே இல்லை என்பார்கள். பழைய விமானத்தில் கைரோ வைப்பது எனக்குப் பிடிக்காது. முறுக்கிய இறக்கையையும் தப்பான எடையையும் அது மூடி மறைத்துவிடும். பேட்டரி தளரும் நேரத்தில்தான் அவை வெளியே வரும்.

ஓட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இவற்றில் பெரும்பாலும் இறக்கையில் இருந்து விமானத்தைச் சாய்க்கும் எய்லரான் கிடையாது. ரட்டரைத் தொட்டால் கொஞ்சம் தாமதித்துத்தான் சாயும். தொட்டு, விட்டு, காத்திருக்க வேண்டும். உயரத்தை எஞ்சினால் கூட்டிக் குறையுங்கள். எலிவேட்டரை விமானம் தரையிறங்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் நல்ல நேரம் என்றால் ஏழரை மணிக்கு வெளிச்சம் நன்றாக வந்ததிலிருந்து ஒன்பதரை, பத்து வரை. அதற்குப் பிறகு தரை சூடாகித் தர்மல் என்கிற மேலேறும் வெப்பக்காற்று கிளம்பும். செம்பனைத் தோப்புக்கு மேலே காற்று அடங்கியிருக்கும். பக்கத்து வெறும் தரையிலோ தார் போட்ட கார் நிறுத்துமிடத்திலோ விமானம் தானாக மேலே போகும். பழைய விமானத்துக்கு இதுதான் கொண்டாட்டம். ஆனால் மலேசியச் சட்டம் அனுமதியில்லாமல் 400 அடிக்கு மேல் விடக் கூடாது என்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் சுபாங் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நல்ல தர்மலில் 400 அடி கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். அப்போது எஞ்சினை அணைத்து, ரட்டரை ஒரு பக்கம் பிடித்துச் சுழன்று இறங்கச் செய்யுங்கள். வேகம் ஏறினால் ரட்டரை விட்டு, நிமிரவிட்டு, மறுபடி பிடியுங்கள். மூக்கைக் குத்தி இறக்கப் பார்த்தால் மெல்லிய இறக்கை மடங்கிவிடும்.

செம்பனை மரத்தில் மாட்டிக்கொண்டால் பழம் வெட்டும் நீளக் கம்பை யாரிடமாவது கேட்டு வாங்குங்கள். ஏறப் போக வேண்டாம், மட்டை முழுக்க முள். கீழே பார்த்து நடங்கள், பாம்பு இருக்கும். வீட்டுக்குக் கிளம்பும்போது இறக்கையைக் கழற்றிக் காரில் வைத்தால், சாப்பாட்டுக் கடையில் இறங்குகிறவர்கள் நிழல் பார்த்து காரை நிறுத்துங்கள். மூடிய காரின் சூட்டில் அரை மணி நேரம் கிடந்தாலே இறக்கை முறுக்கிக்கொள்ளும், மறுபடி கெட்டிலை அடுப்பில் வைக்க வேண்டியதுதான். நன்றி, வணக்கம்.