கொதிக்கும் நீருக்குக் கிடைத்த விருது

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இந்த வாசகர் வட்டத்தை விடாமல் நடத்திவரும் நூலகர் அம்மா அவர்களே, காய்ச்சலோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்குப் போர்த்திய இந்தச் சால்வை ஐயாவுக்கு உரியது. எனக்குத் தராசு பிடிக்கச் சொல்லிக்கொடுத்த கை அவருடையது.

மூன்று செய்திகள் பேச நினைத்து வந்தேன். லகாடோஸ் விருது எப்படி வந்தது, லகாடோஸ் அறிவியலைப் பற்றி என்ன சொன்னார், நம் பிள்ளைகளுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பவை அவை.

அறிவியல் எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த தத்துவ அறிஞர் இம்ரே லகாடோஸ் 1922இல் ஹங்கேரியில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் தாயையும் பாட்டியையும் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இழந்தார். போர் முடிந்தபின் சொந்த நாட்டு அரசே அவரை 1950இல் சிறையில் தள்ளியது. 1956இல் நாட்டைவிட்டு வெளியேறி, அப்புறம் இங்கிலாந்து போய், 1960 முதல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பாடம் நடத்தினார். 1974இல் காலமானபோது வயது 51 தான். அவர் நினைவாக அந்த நிறுவனம், லாட்சிஸ் அறக்கட்டளையின் கொடையில், அறிவியல் தத்துவத்துக்கென்று இந்த விருதை வழங்குகிறது. 10,000 பவுண்டு. எந்த நாட்டவரும் பெறலாம், ஆனால் நூல் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். 1986இல் முதல் விருதை பாஸ் வான் பிராசன், ஹார்ட்ரி ஃபீல்டு என்ற இரண்டு தத்துவ அறிஞர்கள் பகிர்ந்துகொண்டார்கள்.

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று நான் மேடைதோறும் சொல்வேன். தத்துவ நூலுக்கு விருதா, அதுவும் ஏட்டுச் சுரைக்காய்தானே என்று நினைத்துவிடாதீர்கள். 2006இல் ஹார்வி பிரவுனோடு இந்த விருதைப் பெற்றவர் கொரியாவில் பிறந்த ஹசோக் சாங். வெப்பநிலை என்ற அளவை மனிதர்கள் எப்படி உருவாக்கினார்கள் என்பது அவர் நூலின் பொருள். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று நாமெல்லாம் மனப்பாடம் செய்தோமே, அது அத்தனை லேசில் வந்த உண்மை அல்ல என்று காட்டுகிறார்.

அதில் ஒரு கதை. 18ஆம் நூற்றாண்டில் ஜெனீவாக்காரர் தெ லுக், தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றை முழுக்க வெளியேற்றப் பார்த்தார். காய்ச்சிப் பார்த்தார், போகவில்லை. சரி, குலுக்கிப் பார்ப்போம் என்று குடுவையைக் கையில் எடுத்தார். எத்தனை நாள்? நான்கு வாரம்! தூங்கும்போதும், ஊருக்குள் வேலை இருந்தபோதும், இரண்டு கையும் வேண்டிய காரியத்துக்கும்தான் அதைக் கீழே வைத்தார். சாப்பிடும்போது குலுக்கினார். படிக்கும்போது, எழுதும்போது குலுக்கினார். நண்பர்களோடு பேசிக்கொண்டே குலுக்கினார். நடைப்பயிற்சியிலும் குடுவை கையிலேயே இருந்தது. எதிரே வந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்! பிறகு அந்தத் தண்ணீரைச் சூடாக்கினார். 100 டிகிரியைத் தாண்டியது, கொதிக்கவில்லை. 112 டிகிரி வரை ஏறியது. நம் பள்ளி வெப்பமானியில் 110க்கு மேல் கோடே கிடையாது, ஐயா.

சாங் இந்தச் சோதனைகள் சிலவற்றைத் தாமே செய்தும் பார்த்தார். கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு மாதிரி, உலோகப் பாத்திரத்தில் ஒரு மாதிரி நீர் கொதிக்கிறது. ஏட்டுச் சுரைக்காயைக் கறியாக்கிச் சாப்பிட்டவர் அவர்.

இரண்டாவது செய்திக்கு நேரமில்லை என்று தலைவர் அவர்கள் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சரி, என் கோரிக்கைக்கு வருகிறேன். நான் படித்த பள்ளியில் ஆய்வுக்கூட அலமாரி இருந்தது, பூட்டும் இருந்தது. பத்தாம் வகுப்பு முடியும்வரை ஒரு வெப்பமானியை நான் தொட்டதில்லை. படத்தில் பார்த்தேன், பாகம் குறித்தேன், மதிப்பெண்ணும் வாங்கினேன். ஏட்டுச் சுரைக்காய்! இன்றும் பல பள்ளிகளில் அந்தப் பூட்டு அப்படியே தொங்குகிறது. உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயம் ஆசிரியர்களுக்கு. உடைந்த கண்ணாடிக்கு ஆசிரியர் காசு கட்ட வேண்டியதில்லை என்று ஓர் உத்தரவு போடுங்கள், வாரத்தில் ஒரு பாடவேளை அலமாரியைத் திறந்து வையுங்கள் என்றுதான் கல்வி அதிகாரிகளிடம் கேட்கிறோம்.

மனு வாசலில் இருக்கிறது, பெற்றோர்கள் கையெழுத்திட்டுப் போங்கள். பக்கத்து அறையில் ஸ்டவ்வும் கண்ணாடிக் குடுவையும் அலுமினியப் பாத்திரமும் இரண்டு வெப்பமானியும் வைத்திருக்கிறேன். பிள்ளைகளே, நீங்கள் முதலில் வாருங்கள். தண்ணீர் இப்போதே அடுப்பில் இருக்கிறது.