மூன்றாம் நாளோடு நிறுத்தாதீர்கள்

(கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், பெற்றோர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, வணக்கம். பிள்ளைகளுக்கு வரும் மலேரியாவையும், அதற்கான மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்பதையும் பற்றித்தான் இன்றைய பேச்சு.

நம் மாவட்டத்தில் கொசு என்றதும் எல்லாரும் ரப்பர் தோட்டத்துச் சிரட்டையைக் காட்டுவார்கள். சிரட்டையில் வளர்வது டெங்கு பரப்பும் ஏடிஸ். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சிக்கு மூடாத கிணறும் மாடித் தொட்டியும் போதும். நல்ல தண்ணீரில் வளர்ந்து ராத்திரியில் கடிக்கும். ஆனால் கொசு மட்டும் இருந்தால் மலேரியா பரவாது, ரத்தத்தில் கிருமியோடு ஒரு ஆளும் வேண்டும். மங்களூரு, கோவா என்று பல நாள் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போகும் அப்பா காய்ச்சலோடு வீடு திரும்புகிறார். மூன்று நான்கு வாரம் கழித்துப் பிள்ளைக்குக் காய்ச்சல். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. அதனால் காய்ச்சல் பிள்ளையிடம் ஆசிரியர் முதலில் கேட்க வேண்டியது, "வீட்டில் யாராவது வெளியூர் போய் வந்தாங்களா?"

குளிர், நடுக்கம், ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் என்ற ஒழுங்கைச் சின்னப் பிள்ளைகளிடம் எதிர்பார்க்காதீர்கள். வாந்தி, வயிற்றுவலி, இருமல் என்றும் தொடங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத் தடவல் (கிருமி இருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடியில் தடவும் ரத்தச் சொட்டு) எடுக்காமல் மலேரியா மாத்திரை எதுவும் கொடுக்கக் கூடாது. பாதி மருந்து உள்ளே போனபின் எடுக்கும் தடவலில் கிருமி தெரியாமல் போகலாம். ஒரு தடவலில் இல்லை என்று வந்தும் காய்ச்சல் விடவில்லையென்றால் மறுபடி எடுங்கள்.

மலேரியாக் கிருமி வைவாக்ஸ் வகை என்றால் குளோரோகுயின் மாத்திரை மூன்று நாள். 150 மில்லிகிராம் பேஸ் (மருந்தின் மூல அளவு) உள்ள மாத்திரையில் 5 முதல் 8 வயதுக்கு முதல் நாள் 2, இரண்டாம் நாள் 2, மூன்றாம் நாள் 1. 9 முதல் 14 வயதுக்கு 3, 3, ஒன்றரை. ஒரே பள்ளியில் இரண்டாம் வகுப்புத் தம்பிக்கும் ஐந்தாம் வகுப்பு அக்காவுக்கும் அளவு வேறு. அக்காவின் மிச்சத்தைத் தம்பிக்குக் கொடுக்கும் வழக்கம் இங்கேதான் ஆபத்தாகிறது. வெறும் வயிற்றில் வேண்டாம். விழுங்கி அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளை மருந்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும். அதுவும் வெளியே வந்தால் மருத்துவமனைதான்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிடும். தவறு நடப்பதும் அன்றைக்குத்தான். குளோரோகுயின் ரத்தத்திலுள்ள கிருமியைக் கொல்லும். கல்லீரலில் உறங்கும் வைவாக்ஸைத் தொடாது. அதற்குப் பிரைமாகுயின் என்ற இன்னொரு மாத்திரை 14 நாள் வேண்டும்: 5–8 வயதுக்கு தினம் 5 மில்லிகிராம், 9–14க்கு 10 மில்லிகிராம். மாத்திரை 2.5, 7.5 என்று வேறு வேறு அளவில் வருவதால் எண்ணிக்கையைப் பார்க்காமல் மில்லிகிராமைப் பாருங்கள். பிள்ளை ஓடியாடத் தொடங்கியதும் வீட்டில் இதை மறந்துவிடுகிறார்கள். சில வாரமோ மாதமோ கழித்துக் காய்ச்சல் திரும்பும்போது புதுக் கொசு கடித்தது என்கிறோம். பழைய கிருமிதான் எழுந்திருக்கிறது.

இங்கேதான் பள்ளியின் வேலை. சத்துணவு முடிந்ததும் ஆசிரியர் கண்முன் மாத்திரையை விழுங்க வைக்கலாம். சாப்பாட்டுக்குப் பின் என்பதால் வயிற்றுவலியும் குறையும். இதைக் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுக்கொண்டு, அவர் தந்த அளவில் மட்டும் செய்யுங்கள். 14 நாளுக்குள் நான்கு விடுமுறை நாள் எப்படியும் வந்துவிடும், வெள்ளிக்கிழமையே இரண்டு நாள் மாத்திரையைத் தாயிடம் எண்ணிக் கொடுத்துவிடுங்கள்.

ரத்தச் சிவப்பணுவில் இருக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைந்த பிள்ளைக்குப் பிரைமாகுயினால் ரத்த அணுக்கள் உடையும். சிறுநீர் கட்டன்சாயா (பால் விடாத தேநீர்) நிறத்தில் போனாலோ கண் மஞ்சளித்தாலோ மாத்திரையை அப்போதே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

ஃபால்சிபாரம் என்ற இன்னொரு வகை மலேரியாக் கிருமி என்று வந்தால் மருந்தே வேறு; ஆர்ட்டிசுனேட் கூட்டு மருந்து மூன்று நாள், பிரைமாகுயின் இரண்டாம் நாள் ஒரே வேளை. அந்தப் பிள்ளை வலிப்பு, தூக்கக் கலக்கம், மூச்சிரைப்பு, தண்ணீர்கூட இறங்காத நிலை என்று எதைக் காட்டினாலும் வாய்வழி மருந்துக்குக் காத்திருக்க வேண்டாம், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு வண்டி எடுங்கள். ஊசி மருந்து அங்கே தொடங்கும்.

தொட்டி விஷயம்: முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரத்தில் ஒருநாள் தொட்டியை வடித்து, சுவரைத் தேய்த்துக் காயவிட்டால் அந்தச் சுற்று அறுந்துபோகும். கிணற்றை வடிக்க முடியாது. வலை போட்டு மூடுங்கள், கொசுப் புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடுங்கள். பள்ளி மாடித் தொட்டியின் மூடி காற்றில் பறந்து கிடக்கிறதா என்று இன்றைக்கே ஏறிப் பார்த்துவிடுங்கள்.