போடியார் காலத்திலிருந்து பிரதேச செயலகக் காலம் வரை

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, மாணவ நண்பர்களே,

மட்டக்களப்பின் பழைய கிராம வாழ்வைப் பற்றிப் பேசும்போது, அன்று எல்லோரும் ஒன்றாக இருந்தோம், பின்னர் அரசியல் வந்து பிரித்துவிட்டது என்று சொல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இது பாதி உண்மைதான். சாதியாலும், தாய்வழிக் குலமான குடியாலும் நாம் அன்றே பிரிந்திருந்தோம். அந்தப் பிரிவு தளர்ந்துவந்த அதே காலத்தில் இனங்களுக்கிடையிலான பிரிவு இறுகிவந்தது என்பதே நான் சொல்ல வந்தது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல்களுக்கு உரிமையாளர்களான போடியார்கள் பலர் வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் குடியிருந்தார்கள். உழுது விதைத்துக் காவல் காத்த முல்லைக்காரருக்கோ, வாங்கிய கடனெல்லாம் களத்திலேயே கழிக்கப்பட்டபின் மிஞ்சியது சொற்பம். கோயிலில் யார் எதுவரை வரலாம், திருவிழாவில் எந்தக் குடிக்கு முதல் மரியாதை, எவருக்கு எந்த ஊழியம் என்பவையெல்லாம் பிறப்போடு முடிவாகியிருந்தன. ஆனால் இந்த ஏற்றத்தாழ்வான அமைப்புக்குள்ளேயே தமிழரையும் முஸ்லிம்களையும் பிணைத்த பொதுமையும் இருந்தது. தாய்வழிக் குடி முறை இரு சாராரிடமும் உண்டு. கோயில் நிர்வாகத்தில் வண்ணக்கரும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் மரைக்காயரும் தத்தம் குடியின் சார்பிலேயே அமர்ந்தார்கள். மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுக்கும் வழக்கம் தமிழூரான காரைதீவிலும் உண்டு, முஸ்லிம் ஊரான சாய்ந்தமருதிலும் உண்டு.

இவ்வமைப்பைப் பெரிதாக அசைத்தது தண்ணீர். பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனாநாயக்க சமுத்திரத்தை உருவாக்கிய கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியது. அதனால் நம் வயல்களில் பல இருபோகம் கண்டன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே குடியேற்றப்பட்டவர்களில் பெரும்பான்மையினர் சிங்களவர். 1956 ஜூனில், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டத்தை ஒட்டி எழுந்த வன்முறையில், அத்திட்டப் பகுதியில் தமிழர் பலர் கொல்லப்பட்டனர். 1961இல் மட்டக்களப்பின் தென்பகுதி அம்பாறை மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. அதன்பின், கரையோரத்தில் வாழும் தமிழ் பேசும் மக்கள் மாவட்ட நிர்வாக அலுவலகமான கச்சேரியின் அலுவலுக்கு மேற்கே அம்பாறை நகருக்குப் போக வேண்டியவர்களானார்கள்.

இதே ஆண்டுகளில் ஊருக்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1945இன் இலவசக் கல்வி, சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான 1957இன் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், குத்தகைக்காரருக்குப் பாதுகாப்பளித்த 1958இன் நெற்காணிச் சட்டம் ஆகிய மூன்றில் எது அதிகம் சாதித்தது என்று கேட்டால், பள்ளிக்கூடம் என்பேன். ஆசிரியராக வந்து நின்றவரைப் பழைய ஊழியப் பெயரால் அழைக்க ஊர் தயங்கியது. எஞ்சியிருந்த போடியார் செல்வாக்கைப் போர் கரைத்தது. ஆனால் அதே போரில், 1990இல், காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள்மீதும், சத்துருக்கொண்டானில் தமிழர்மீதும் நிகழ்ந்த படுகொலைகளுக்குப் பின், முஸ்லிம்கள் பலர் படுவான்கரைக் காணிகளுக்குப் போக முடியாதவர்களானார்கள். கலந்திருந்த குடியிருப்புகளிலிருந்து தமிழரும் விலகினார்கள்.

1981இல் காத்தான்குடியில் தோன்றி, அஷ்ரப் தலைமையில் வளர்ந்த முஸ்லிம் காங்கிரஸ் கட்சியைப் பிரிவினைக்குக் காரணமாகக் காட்டுவோர் இந்த அவையிலும் இருக்கலாம். தமிழ் அரசியல் முஸ்லிம்களை வாக்காளராகக் கண்ட அளவுக்குத் தனித்த மக்களாகக் காணவில்லை என்பதை அவர்கள் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே தொகுதியிலிருந்து இருவரைத் தேர்ந்தெடுக்கும் இரட்டை அங்கத்தவர் தொகுதி என்ற ஏற்பாடு இருந்தவரை, மட்டக்களப்பிலும் பொத்துவிலிலும் இரு சமூகங்களும் ஒரே தொகுதிக்குள் இடம் தேடின. விகிதாசாரத் தேர்தலோ ஒவ்வொரு கட்சியையும் தன் மக்களிடம் மட்டும் பேசப் பழக்கியது.

இன்று, கல்முனைத் தமிழர் தனியாகக் கேட்கும் கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் பற்றிய வாதத்தில் தெருவுக்குத் தெரு எல்லை கேட்கிறோம். தனிச் செயலகம் கேட்பதில் தவறில்லை; தம் மொழியறிந்த, தம் குறையறிந்த அலுவலகத்தை எந்த மக்களும் விரும்புவார்கள். ஆனால் இக்கரையோர வயல்கள் இன்னும் ஒரே வாய்க்காலில்தான் நீர் பெறுகின்றன. நீர் திறக்கும் நாளையும் மாடுகளை வயலிலிருந்து அப்புறப்படுத்தும் நாளையும், போகத் தொடக்கக் கூட்டத்தில் எல்லா ஊர் விவசாயிகளும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஆகவே எல்லை வகுக்க வருவோர், வாக்காளர் இடாப்புடன் வாய்க்கால் வரைபடத்தையும் மேசையில் விரித்துவைக்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.