வராத புத்தகத்துக்கு ஒரு ரசீது

(சூலூர்பேட்டையில் எங்கள் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியது. பேசும்போது விட்டுப்போன இரண்டு மூன்று விஷயங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். மைக் வேண்டாம், இந்த அறைக்கு என் தொண்டையே போதும். கீழே துணிக்கடைக்காரர் ஏற்கனவே ஒருமுறை மாடிப்படி ஏறி வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

உங்களுக்குப் பிடித்த புத்தகத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுங்கள் என்றார்கள். யோசித்துப் பார்த்தால், பதினாறு வருஷமாக நான் அதிகமாக நினைத்துக்கொண்டிருக்கிற புத்தகம் ஒன்றுதான். அதை நான் படித்ததில்லை. நீங்களும் படித்ததில்லை. அது இன்னும் அச்சுக்கே போகவில்லை.

இதோ ரசீது. டிசம்பர் 2009, ரூபாய் 350. 'விண்கலங்களின் வரலாறு, 600 பக்கம், படங்களுடன், முன்பதிவுச் சலுகை விலை'. மை பாதி மங்கிவிட்டது, பின்னால் பால் கணக்கு எழுதியிருக்கிறேன், அதைப் பார்க்காதீர்கள். சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகம், பெயர் வேண்டாம். பொங்கலுக்கு வந்துவிடும் என்றார்கள். எந்தப் பொங்கல் என்று நான் கேட்டிருக்க வேண்டும். வருஷா வருஷம் ஜனவரியில் இங்கிருந்து லோக்கல் ட்ரெயின் பிடித்துச் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய் அவர்கள் கடை வாசலில் நிற்பேன். முதலில் அப்பா உட்கார்ந்திருந்தார், 'அடுத்த வருஷம் கண்டிப்பா' என்றார். இப்போது மகன் உட்கார்ந்திருக்கிறார், அவரும் அதையே சொல்கிறார். கடையில் முக்கால்வாசி இப்போது பக்திப் புத்தகம், எந்தச் சாமியை வேண்டிக்கொள்வதற்கும் அங்கே புத்தகம் கிடைக்கும், இதைத் தவிர.

ஆசிரியர் நம் பக்கத்து ஆள்தான், தடாவில் இருக்கிறார், பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவர். நான் நேராக அவரிடமே போனேன். கையெழுத்துப் பிரதியை எடுத்துக் காட்டினார், இரண்டு ட்ரங்குப் பெட்டி நிறைய. "எழுதி முடிச்சிட்டேன் தம்பி, ஆனா இப்போ போட்டா தப்பாப் போயிடும்" என்றார். இது எனக்குச் சுத்தச் சோம்பேறித்தனமாகத்தான் பட்டது. எழுதி முடித்த வரலாறு எப்படித் தப்பாகப் போகும்?

போகும். எனக்கு அது புரிய ஆறேழு வருஷம் ஆனது.

சந்திரயான்-1 எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே பக்கத்தில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் நிலாவுக்குப் போனது, 22 அக்டோபர் 2008. இரண்டு வருஷம் உழைக்க வேண்டியது, 29 ஆகஸ்ட் 2009 அன்று தொடர்பு அறுந்தது. நான் பணம் கட்டுவதற்கு மூன்று நான்கு மாதம் முன்னால். அவருடைய பிரதியில் அந்த அத்தியாயத்தின் கடைசி வரி 'அத்துடன் கதை முடிந்தது' என்று இருந்தது, நானே படித்தேன். புத்தகம் சொன்னபடி 2010 பொங்கலுக்கு வந்திருந்தால் அந்த வரி அப்படியே அச்சாகியிருக்கும்.

2017 மார்ச்சில் நாசா அதைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தது. கலம் பேசாது, அதற்கு உயிரில்லை. ஆனாலும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கலிபோர்னியாவில் கோல்ட்ஸ்டோன் என்ற இடத்தில் இருக்கிற 70 மீட்டர் ஆன்டெனாவிலிருந்து நிலாவின் வட துருவத்துக்கு மேலே ரேடார் அலையை அனுப்பினார்கள். துருவம் ஏன் என்றால், சந்திரயான் சுற்றுவது துருவப் பாதையில், ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தெருமுனையில் நின்றால் பால்காரர் எப்படியும் வருவார் இல்லையா, அந்தக் கணக்குதான். எதிரொலியைப் பிடித்தது மேற்கு வர்ஜீனியாவில் கிரீன் பேங்க் தொலைநோக்கி, 100 மீட்டர். நாலு மணி நேரத்தில் இரண்டு முறை ஏதோ ஒன்று கடந்து போனது. ஒரு சுற்றுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், கணக்குச் சரியாக இருந்தது. மூன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மீட்டர்தான் இருக்கும், நம் வீட்டு பீரோ அளவு. அந்தச் செய்தி வந்த அன்று ராத்திரி ஆசிரியர் எனக்குப் போன் செய்தார். ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

சரி, இது ஒன்றுதானா என்றால் இல்லை. ரஷ்யர்களின் லூனோகோட்-1 என்று ஒரு சக்கர வண்டி, நவம்பர் 1970-ல் நிலாவில் இறங்கிப் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டு, மறு வருஷம் செப்டம்பரில் நின்றுபோனது. எங்கே நிற்கிறது என்று துல்லியமாகத் தெரியாததால் அதன் முதுகில் இருக்கிற கண்ணாடியை நோக்கி லேசர் அடிக்க முடியாமல் கிட்டத்தட்ட நாற்பது வருஷம் போனது. ஏப்ரல் 2010-ல் அடித்தார்கள், வெளிச்சம் திரும்பி வந்தது. என் ரசீதுக்கு நாலு மாதம் கழித்து! அப்புறம் இமேஜ் என்று ஒரு நாசா செயற்கைக்கோள், 2005 டிசம்பரில் பேச்சு நின்றது. 2018 ஜனவரியில் கனடாவில் ஒரு ஆர்வலர் வீட்டில் உட்கார்ந்து வேறு ஏதோ ஒரு ரகசியச் செயற்கைக்கோளைத் தேடப் போக, இது பேசிக்கொண்டிருப்பது அவர் காதில் விழுந்தது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்த வரலாற்றில் பாதி ஒளித்து வைக்கப்பட்டது. சோவியத்காரர்கள் வேறு கிரகத்துக்கு அனுப்பிய கலம் பூமியைவிட்டு வெளியே போகாமல் மாட்டிக்கொண்டால் அதற்குக் கோஸ்மோஸ் என்று ஒரு பொதுப்பெயரும் நம்பரும் போட்டு, நடந்ததே தெரியாத மாதிரி இருந்துவிடுவார்கள். 1972 மார்ச் 27-ல் கிளம்பிய வெனெரா-8 வெள்ளிக்குப் போய் இறங்கியது, பெயர் கிடைத்தது. நாலு நாள் கழித்துக் கிளம்பிய அதன் கூடப்பிறந்தது மாட்டிக்கொண்டது, கோஸ்மோஸ்-482 ஆனது. வெள்ளியின் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கச் செய்த அந்தக் கூடு ஐம்பத்து மூன்று வருஷம் நம் தலைக்கு மேலேயே சுற்றி, 10 மே 2025 அன்றுதான் கீழே விழுந்தது. பிரதியில் 'இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது' என்று இருந்ததை அவர் அடித்துத் திருத்திய பக்கத்தைப் பார்த்தேன். சிவப்பு மை காயவில்லை.

ஆகவே அவர் சொன்னது நியாயம்தான் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன். இனி நான் சண்டை போட வேண்டிய இடத்துக்கு வருகிறேன்.

பீகிள்-2 என்று பிரிட்டன்காரர்களின் சின்னக் கலம். 2003 கிறிஸ்துமஸ் அன்று செவ்வாயில் இறங்க வேண்டியது, ஒரு சத்தமும் வரவில்லை. நொறுங்கிவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். அதற்குத் தலைமை தாங்கிய காலின் பில்லிங்கர் அதன் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே வாழ்ந்தார். 2015 ஜனவரியில் செவ்வாயைச் சுற்றுகிற வேறொரு கலத்தின் படங்களில் பீகிள் கிடைத்தது. நொறுங்கவில்லை, ஒழுங்காகத்தான் இறங்கியிருக்கிறது. சூரியத் தகடுகள் எல்லாம் விரியவில்லை, ஆன்டெனா அடியில் மாட்டிக்கொண்டது, அதனால் பேச முடியவில்லை, அவ்வளவுதான். பில்லிங்கர் 2014 மே மாதமே இறந்துவிட்டார். எட்டு மாதம்!

கலம் பதினோரு வருஷம் கிடந்தது, இன்னும் நூறு வருஷம் கிடக்கும். அந்த மனுஷன் எட்டு மாதம் தாங்கவில்லை. நம் ஆசிரியர் கலத்தின் கணக்கில் காத்திருக்கிறார், ஆள் கணக்கை மறந்துவிட்டார். இதை அவரிடமும் சொன்னேன், கோபித்துக்கொண்டார்.

என் பெரியப்பா ஒரு காண்ட்ராக்டரிடம் லாரி ஓட்டியவர். ஷாரில், அதாவது ஸ்ரீஹரிகோட்டா தீவில் இருக்கிற ஏவுதளத்தில், முதல் ராக்கெட், சின்ன ரோகிணி, 9 அக்டோபர் 1971-ல் போனது. அந்தக் காலத்திலிருந்து கட்டட வேலைக்குச் சாமான் ஏற்றிப் பழவேற்காடு ஏரி நடுவில் போகிற ரோட்டில் ராத்திரி ராத்திரி ஊர்ந்து போனவர். எந்த இடத்தில் ரோடு உள்வாங்கும், மழையில் எத்தனை நாள் நின்றார்கள், தீவில் இருந்த யானாதிப் பழங்குடிக் குடும்பங்களில் யார் எங்கே போனார்கள், எல்லாம் பெயர் சொல்லிச் சொல்வார். பாதி தெலுங்கு, பாதி தமிழ், நடுவில் கெட்ட வார்த்தை. ஆசிரியர் "அடுத்த மாசம் வந்து எழுதிக்கிறேன்" என்று இரண்டு தடவை சொன்னார். 2016-ல் பெரியப்பா போய்விட்டார். அந்தப் பக்கங்களை எந்த ரேடார் வைத்துத் தேடுவது?

10 ஆகஸ்ட் 1979 காலை எனக்கே நினைவிருக்கிறது. நாலாம் வகுப்பு, பள்ளிக்கூடத்துக்கு மட்டம். எஸ்எல்வி-3, இருபத்திரண்டு மீட்டர் உயரம், பதினேழு டன், நாட்டின் முதல் செயற்கைக்கோள் ஏவூர்தி. மொட்டை மாடியில் எல்லாரும் நின்றோம். எழும்பியது, போனது, ஜன்னல் அதிர்ந்தது, கை தட்டினோம், இறங்கி வந்து இட்லி சாப்பிட்டோம். மேலே இரண்டாம் கட்டத்தில் திசை திருப்புவதற்கு வேண்டிய நைட்ரிக் அமிலம் ஏற்கனவே கசிந்துவிட்டது, கட்டுப்பாடு போய் ஐந்தேகால் நிமிஷத்தில் எல்லாம் முடிந்து கடலில் விழுந்தது. எங்களுக்கு அது தெரியாது. சாயங்காலம் வரை எங்கள் தெருவுக்கு அது ஜெயித்த ராக்கெட். பேப்பரில் தோல்வி, தெருவில் ஜெயம், ஒரே நாளில். மறு வருஷம் 18 ஜூலை 1980-ல் நிஜமாகவே ஜெயித்தபோது, 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தபோது, "போன தடவையும்தானே போச்சு, இப்போ என்ன புதுசா?" என்று எங்கள் பாட்டி கேட்டாள். அமிலம் கசிந்த கதை எந்த நாட்டுப் புத்தகத்திலும் கிடைக்கும். பாட்டி கேட்டது எதிலும் கிடைக்காது, நான் 350 ரூபாய் கட்டியதே அதற்குத்தான்.

போன மாதம் ஆசிரியர் திரும்பவும் போன் செய்தார். கோபம் போய்விட்டது போலிருக்கிறது. "தம்பி, அந்த 79 காலையில ஜனங்களுக்குச் சேதி எப்போ தெரிஞ்சது, யார் சொன்னாங்க? எனக்கு முழங்கால் வலி, நீ கொஞ்சம் கேட்டு வாங்கிட்டு வாயேன்" என்றார். அதனால் இப்போது புத்தகம் தாமதமாவதற்கு நானும் ஒரு காரணம். பஸ் ஸ்டாண்டில் அந்தக் காலத்து டீ மாஸ்டர் ஒருவர் இருக்கிறார், எண்பத்தொரு வயது, ரேடியோவில் கேட்டதாகச் சொல்கிறார். செங்காளம்மா கோயில் தெருவில் ஒரு அம்மா, இல்லை, மறுநாள்தான் தெரிந்தது, அன்று ராத்திரிகூட யாரோ மிட்டாய் கொடுத்தார்கள் என்கிறார். யார் சரி என்று இன்னும் முடிவாகவில்லை.

இங்கே முன்வரிசையில் அறுபது தாண்டியவர்கள் ஆறேழு பேர் இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் நான் கீழே டீக்கடையில் இருப்பேன், கடைசி லோக்கலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. போனில் ரெக்கார்டர் போட்டு வைத்திருக்கிறேன். டீ என் செலவு. தெலுங்கில் சொன்னாலும் பரவாயில்லை.