மளிகைக் கடையின் பின்கட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

1957 ஜனவரி 7. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகரத்தை ஒட்டி ஜான்ஸ் தீவு என்று ஓர் ஊர். அங்கே கறுப்பின மக்கள் தாங்களே நடத்திய ஒரு கூட்டுறவு மளிகைக் கடை. முன்னால் சாமான் வியாபாரம். பின்கட்டில் ஜன்னல் வைக்காத அறைகள். ராத்திரி வேளையில் அந்த அறைக்குள் 14 பேர் வந்து உட்கார்ந்தார்கள், எல்லாரும் வயதில் பெரியவர்கள். எதற்கு? எழுதப் படிக்க. இதற்கு ஏன் இத்தனை ஒளிவு மறைவு என்றால், படிக்கத் தெரிந்தால் ஓட்டுப் போடலாம். கறுப்பர்கள் ஓட்டுப் போடுவதை அங்கிருந்த வெள்ளையர்களில் பலர் விரும்பவில்லை.

அந்த வகுப்புக்குப் பின்னால் இருந்தவர் செப்டிமா கிளார்க். 1898-இல் சார்ல்ஸ்டனில் பிறந்தவர். அவருடைய அப்பா அடிமையாகப் பிறந்தவர். ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த கதை நம் எல்லாருக்கும் தெரியும். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1955 கோடையில், டென்னஸி மாநிலத்தில், உரிமைப் போராட்டத்துக்கு ஆட்களைத் தயார்செய்த ஹைலாண்டர் பள்ளியில் இந்த டீச்சர் நடத்திய பயிலரங்கில் உட்கார்ந்திருந்தவர்தான் அந்த ரோசா.

ஜான்ஸ் தீவு செப்டிமாவுக்குப் புதிதில்லை. 1916-இல், 18 வயதில், முதல் வேலைக்கு அவர் போனதே அங்கேதான். அப்போது பாலம் கிடையாது, படகுதான். 132 பிள்ளைகளுக்கு இரண்டே ஆசிரியைகள். சாலைக்கு எதிர்ப்பக்கம் வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளி. அங்கே மாணவர்கள் மூன்று பேர், ஆசிரியை ஒருவர். அந்த அம்மாவுக்குச் சம்பளம் 85 டாலர், செப்டிமாவுக்கு 35. பகலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர், மாலையில் அவர்களின் அப்பா அம்மாவுக்கும் எழுத்துக் கற்றுக்கொடுத்தார்.

நாற்பது வருஷ வேலை ஒரே சட்டத்தில் போனது. அரசு ஊழியர்கள் என்.ஏ.ஏ.சி.பி. என்ற உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று 1956-இல் மாநில அரசு சட்டம் போட்டது. சங்கத்தில் இல்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் பிழைத்திருக்கலாம். அவர் எழுதவில்லை. வேலையோடு ஓய்வூதியமும் போனது. அப்போது வயது 58.

இங்கே அவருடைய ஒரு தோல்வியைச் சொல்ல வேண்டும். அஞ்சலி உரைகளில் தோல்விகளை விட்டுவிடுவது வழக்கம், ஆனால் இவர் கதையில் விஷயமே அதில்தான் இருக்கிறது. சட்டத்தை எதிர்க்கலாம் வாருங்கள் என்று 726 கறுப்பின ஆசிரியர்களுக்குக் கடிதம் போட்டார். பதில் எழுதியவர்கள் 26 பேர். கல்வி அதிகாரியை நேரில் பார்க்க வந்து நின்றது ஐந்து பேர். மற்றவர்களைக் கோழைகள் என்று அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. தயாராகாதவர்களைத் தான் அவசரப்படுத்திவிட்டதாகத் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டார்.

அதன்பிறகு அவர் செய்த வேலையில் அவசரமே இல்லை. ஜான்ஸ் தீவிலிருந்து நகரத்துக்கு வேலையாட்களை ஏற்றிப் போகும் பஸ்ஸை ஓட்டியவர் ஈசா ஜென்கின்ஸ். வாக்காளராகப் பதிய வேண்டுமானால் அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும். அதைப் பயணத்தின்போதே பயணிகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். ஆலிஸ் வைன் என்ற பெண் மொத்தத்தையும் மனப்பாடம் செய்துவிட்டார். ஆனால் எழுத்து தெரியாது! எனக்கு நிஜமாகவே படிக்க வேண்டும் என்று அவர் கேட்டதில் முளைத்ததுதான் அந்தப் பின்கட்டு வகுப்பு.

வகுப்பு எடுக்க செப்டிமா அழைத்து வந்தது பயிற்சி பெற்ற ஆசிரியரை அல்ல, தன் உறவுக்காரரான பெர்னிஸ் ராபின்சனை. அவர் அழகுநிலையம் நடத்தியவர், தையல் தெரிந்தவர். முதல் நாள் சின்னப் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களைக் கொண்டுபோனார். அவை இந்தப் பெரியவர்களுக்குச் சரிப்படாது என்று உடனே தெரிந்துவிட்டது. அப்புறம், உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களையே கேட்டார். பெயரை எழுத வேண்டும், பைபிள் படிக்க வேண்டும், தபாலில் சாமான் வரவழைக்கும் படிவத்தை நிரப்ப வேண்டும், வெளியூரில் இருக்கும் மகனுக்குக் கடிதம் எழுத வேண்டும். அதுவே பாடத்திட்டமாயிற்று.

கலப்பையும் மண்வெட்டியும் பிடித்துப் பழகிய கைகள் அவை. பென்சிலைப் பிடித்த பிடியில் அது ஒடிந்துபோகுமாம். ஒடிந்தால் ஒடியட்டும், இன்னொன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் வகுப்பின் வழக்கம். ஒருநாள், 65 வயது அம்மா ஒருவர் டீச்சர் கையிலிருந்த அளவுகோலை வாங்கிக்கொண்டு கரும்பலகைக்கே போய்விட்டார். அங்கே எழுதியிருந்த பெயர்களில் தன் பெயரைத் தொட்டு, இதுதான் நான் என்று காட்டினார். வீட்டில் கைநாட்டு வைத்த பாட்டி இருந்தவர்களுக்கு அந்த அளவுகோல் எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வகுப்புகளுக்குக் குடியுரிமைப் பள்ளிகள் என்று பெயர். இவற்றுக்குத் துணையாக இருந்தது ஹைலாண்டர் பள்ளி. டென்னஸி அரசு அதை மூடியபோது, 1961-இல் உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு இந்தத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஜார்ஜியாவில் டார்செஸ்டர் என்ற இடத்தில் ஐந்து நாள் பயிற்சி. ஊர் திரும்பியவர்கள் தங்கள் ஊரில் வகுப்பு தொடங்குவார்கள். வாக்குரிமைக்காகப் போராடிய மிசிசிப்பியின் ஃபேனி லூ ஹேமரும் அங்கே வந்து போனவர். 1970-க்குள் தென் மாநிலங்களில் ஏறத்தாழ 900 பள்ளிகள்.

ஆனால் அமைப்புக்குள் ஆண்களின் ராஜ்ஜியம். எல்லா ஊர்வலத்துக்கும் நீங்களே முன்னால் நடக்காதீர்கள், அங்கங்கே உள்ளவர்களைத் தலைவர்களாக்குங்கள் என்று கிங்குக்கு ஒரு கடிதம் எழுதினார் செப்டிமா. அதைக் கூட்டத்தில் வாசித்தபோது எல்லாரும் சிரித்தார்களாம். கிங்மேல் அவருக்கு மதிப்புக் குறையவில்லை. 1964-இல் நோபல் பரிசு வாங்க கிங் ஆஸ்லோ போனபோது கூடவே போனார். சிரித்ததை மட்டும் மறைக்காமல் எழுதி வைத்தார்.

பறித்த ஓய்வூதியத்தை மாநில அரசு 1976-இல்தான் திருப்பிக் கொடுத்தது. அதையொட்டிய வருஷங்களில், ஒருகாலத்தில் அவரை வீட்டுக்கு அனுப்பிய சார்ல்ஸ்டன் பள்ளி நிர்வாகக் குழுவுக்கே மக்கள் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தது.

1987 டிசம்பர் 15 அன்று செப்டிமா கிளார்க் இறந்தார். படகில் போய் இறங்கிய அதே ஜான்ஸ் தீவில்.

வணக்கம்.