வெள்ளவத்தைக் கல்லும் கல்கிசை மணலும்

வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில், ரயில் பாதைக்கும் கடலுக்கும் இடையே கொட்டப்பட்டிருக்கும் கருங்கற்களுக்கு அருகில் நிற்கிறேன். அலை மோதும் இரைச்சல் உங்களுக்கும் கேட்கும். மணற்கரையில் அலை இப்படி அறைவதில்லை. சரிவில் ஏறி, தன் வேகத்தை மணலிலேயே இழந்து, மெல்ல வடிந்துவிடும். கல்லில் மோதிய அலையோ திரும்பும்போது அடிமணலைக் கிளறி எடுத்துக்கொண்டு போகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலை ஒட்டிப் போட்ட இந்தப் பாதையைக் காக்கக் கல் தேவைதான். ஆனால் அந்தக் கல் காப்பது தண்டவாளத்தை மட்டுமே. முன்னால் இருந்த மணற்கரையை அது காக்கவில்லை.

இந்தக் கரையின் மணலில் பெரும்பங்கு ஆறுகள் கொடுத்தது. களுகங்கையும் களனி கங்கையும் மலைநாட்டிலிருந்து கொண்டுவந்து சேர்க்கும் மணலை, மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று எழுப்பும் அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்கி வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. நகரும் மணல் ஆற்றுவாயில் தங்கினால் நீண்ட மணல்திட்டாக வளரும். களுத்துறையில் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த காலிடோ கரை அப்படி உருவானதுதான். 2017 வெள்ளத்தின்போது நீரை வடியவிட அந்தத் திட்டை வெட்டினார்கள், பின்னர் அந்த வெட்டை அலைகள் அகலமாக்கின.

ஆகவே ஆற்றில் டிப்பர் டிப்பராக மணல் அள்ளும்போது கரைக்கு வரவேண்டிய வரவு அங்கேயே குறைந்துவிடுகிறது. களனி முகத்துவாரத்துக்கு வடக்கே நீர்கொழும்பு வரை கடலரிப்பு இவ்வளவு கடுமையாக இருப்பதற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம். கடலுக்குள் குறுக்காக நீட்டும் கல்லணைகளும் இந்த வரவைத் தடுக்கக்கூடியவை. நம் கரையில் அவை பொதுவாகத் தெற்குப் பக்கத்தில் மணலைச் சேர்த்து, வடக்குப் பக்கத்தைப் பட்டினி போடுகின்றன. ஓர் ஊரைக் காப்பாற்றிய கல்லணை அடுத்த ஊரின் மீனவர்கள் வள்ளம் இழுத்து வைக்கும் இடத்தைத் தின்றுவிடுவது எனக்கு மிகுந்த வேதனை தரும் விடயம்.

இப்போது, வெள்ளவத்தைக்குத் தெற்கே உள்ள கல்கிசைக்கு (மவுண்ட் லவினியா) வந்துவிட்டேன். ஹோட்டல் நிற்கும் அந்தப் பாறைமுனையின் வடக்கே இந்த மணற்கரை வளைந்து கிடக்கிறது. 2020இல், பருவக்காற்றுக்குச் சற்று முன்பாக, கடலடியிலிருந்து மணல் எடுத்து இங்கே கொட்டினார்கள். சில வாரங்களில் அதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் போனது, ஊரெல்லாம் பேச்சானது. அன்றைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆயினும் மறைந்த மணல் முழுவதும் அழிந்துவிடவில்லை. சீற்றமான மாதங்களில் அலைகள் மணலை இழுத்துக் கரைக்குச் சற்று அப்பால் நீருக்கடியில் மேடாகக் குவிக்கின்றன. கடல் அமைதியடையும் மாதங்களில் அதில் ஒரு பகுதியைத் திரும்பக் கொண்டுவந்து தருகின்றன. மணல் இடுவது கல்லைவிடக் கரைக்கு இணக்கமான வழி என்றே நான் கருதுகிறேன், ஆனால் அதை எந்த மாதத்தில் செய்கிறோம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடர்ந்து செய்வதற்குப் பணம் ஒதுக்கியிருக்கிறோமா என்பவற்றை முதலிலேயே தீர்மானித்திருக்க வேண்டும்.

கமராவை இந்தப் பக்கம் திருப்புகிறேன். ஊதா நிறத்தில் பூத்துப் படர்ந்திருப்பது அடம்பன் கொடி. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம் ஊரில் சொல்வது வெறும் உவமையன்று. அதன் வேர்களும் தண்டுகளும் காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து வைத்து மேடாக்குகின்றன. இராவணன் மீசைப் புல்லுக்கும் இதே குணம் உண்டு. ஆனால் இவை வளர நிலம் வேண்டும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றரைக் கரையோர வலயமாக வகுத்து, அதற்குள் கட்டுமானம் செய்ய அனுமதி பெறவேண்டும் என்கிறது. இந்தக் கொடி எதுவரை படர்ந்திருக்கிறது என்று நடந்து பார்த்தேன்: ஒரு சீமெந்து மதிலின் அடியில் அது நின்றுவிடுகிறது, மதிலின் மறுமுனையை அலை ஏற்கெனவே அரித்துக்கொண்டிருக்கிறது.