எப்போது வருகிறது அந்த வாடை?

நேயர்களுக்கு வணக்கம். மேட்டுப்பாளையத்தில் நான் கார் பட்டறை வைத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மலையடிவாரத்தில் பட்டறை வைத்தவனுக்குத் தீய்ந்த வாடை புதிதல்ல. ஊட்டிக்கு ஏறப் பார்த்த வண்டி கிளட்ச் கருகித் திரும்பி வரும். இறங்கி வந்த வண்டி பிரேக் கருகி வந்து நிற்கும். மே மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாலே எது ஏறப்போன வண்டி, எது இறங்கிய வண்டி என்று தெரிந்துவிடும்.

"வண்டியில தீய்ஞ்ச வாடை வருதுங்க" என்று யார் வந்தாலும் நான் உடனே பானெட்டைத் திறப்பதில்லை. எப்போது வருகிறது என்று கேட்பேன். என்ன வாடை என்று கேட்டுப் பயனில்லை. ஓட்டியவர் ரப்பர் வாடை என்பார், அவர் வீட்டம்மா பேப்பர் கருகின மாதிரி என்பார், பின்சீட்டுப் பையன் மீன் வாடை என்பான். ஆனால் எப்போது என்று கேட்டால் மூன்று பேரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்.

காரமடைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பழைய பெட்ரோல் கார் கொண்டுவந்தார். வேறொரு பட்டறையில் கிளட்ச் பிளேட்டையே மாற்றியிருந்தார்கள். பணம் போனது, வாடை போகவில்லை. எப்போது வருகிறது என்று கேட்டேன். "ஓடும்போது வரலைங்க, நின்னா வருது" என்றார். பாருங்கள், இந்த ஒரு வரியிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. கிளட்ச் என்றால் கிளம்பும்போதுதானே வர வேண்டும்?

அவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பஸ் ஸ்டாண்டு நெரிசலில் வண்டி நின்றது, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வந்தது வாடை. ஏசி பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும், காருக்குள்ளேயே அம்புக்குறி வளைந்து சுற்றுகிற மாதிரி படம் போட்டிருக்கும். அதை அமுக்கினால் வெளிக்காற்று வராது, உள்ளே இருக்கிற காற்றே சுற்றும். அமுக்கினேன். இரண்டு நிமிஷத்தில் வாடை அடங்கியது. எடுத்துவிட்டேன், மறுபடி வந்தது. அப்படியானால் தீய்வது வண்டிக்குள்ளே இல்லை, வெளியே.

வெளிக்காற்று எங்கிருந்து உள்ளே வருகிறது? முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கிற இடத்திலிருந்து. ஓடும்போது எஞ்சின் புகையை எதிர்காற்று அடித்துக்கொண்டு போய்விடும். நின்றால் அது நேராக மேலே எழும்பி அந்த வழியாக நம் மூக்குக்கு வந்துவிடும்.

பட்டறைக்குத் திரும்பி எஞ்சின் ஆறும்வரை டீ குடித்தோம். பிறகு வெள்ளைத்தாள் ஒன்றை மடித்து எஞ்சின் தலைமேல் மூடியாக இருக்கிற டேப்பட் கவருக்கு அடியில் விட்டு இழுத்தேன். தாளில் பழுப்பாக ஒரு கோடு. பேக்கிங் ரப்பர் காய்ந்து விறைத்துப்போய், ஆயில் சொட்டுச் சொட்டாகக் கீழே எக்ஸாஸ்ட் குழாய் மேல் விழுந்துகொண்டிருந்தது. தோசைக்கல்லில் எண்ணெய் ஊற்றிவிட்டு ஃபோன் பேசப் போனால் என்ன ஆகும்? அதேதான். பேக்கிங்கை மாற்றி, துடைத்து, போல்ட்டை அளவாக முறுக்கி அனுப்பினேன். மறுநாள் காலையில் ஃபோன்: "இன்னும் வருதே!" குழாயில் ஒட்டியிருந்த பழைய ஆயில் எரிந்து தீர இரண்டு நாள் ஆகும். அதை முன்பே சொல்லாதது என் தப்பு.

சரி, மலைக்கு வருவோம். குன்னூரிலிருந்து இறங்கும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் விட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் ஆயில் கொதித்துவிடும். டாட் 3 என்று போட்டு வருகிற ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சிப் பழசானால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குமிழி வரும், மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறோம். சக்கரத்தில் வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், கொதிக்கிற டிஸ்க் கோணிக்கொள்ளும். புர்லியார் பக்கம் பாட்டிலும் கையுமாக நிற்பவர்களை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

சமதளத்தில் ஒரே ஒரு சக்கரத்தில் வாடை என்றால் பிரேக் பிடித்துக்கொண்டு விடவில்லை என்று அர்த்தம். அதற்கு முன்னால் ஹேண்ட் பிரேக்கை இறக்கினீர்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், வாரத்துக்கு ஒருவர் வருகிறார்.

ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும்போது பாதி கிளட்ச்சில் வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள், அதற்குத்தான் ஹேண்ட் பிரேக். இனிப்பு வாடை என்றால் கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிரவைக்கிற திரவம், கசிகிறது. சைலன்சரில் ஒட்டின கேரிபேக் என்றால்...

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு நிமிஷம்தான் என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள். முக்கியமானதைக் கடைசிக்கு வைத்தது என் தவறு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையன் மீன் வாடை என்றானே, அவனைத் திட்டாதீர்கள். ஒயரும் சாக்கெட்டும் சூடேறினால் சிலவகை பிளாஸ்டிக் அப்படித்தான் நாறும். தீய்கிற ஒயர் காருக்குள்ளேயே இருந்தால், காற்றைச் சுற்றவிடும் அந்தப் பொத்தானை அமுக்கினாலும் வாடை போகாது. 60 வாட் ஹெட்லைட் இருந்த இடத்தில் தனி ரிலே (பல்புக்குப் போகிற மின்சாரத்தைச் சுவிட்ச் வழியாக விடாமல் தனியாகக் கொடுக்கிற சாதனம்) இல்லாமல் 100 வாட் பல்பு போட்டிருந்தால் கழற்றுங்கள். 10 ஆம்பியர் ஃபியூஸ் போனால் 20 போடக் கூடாது, சாக்லேட் காகிதமும் சுற்றக் கூடாது. ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும். புகை வந்தால் சாவியை அணைத்து எல்லோரையும் இறக்கித் தள்ளிப்போங்கள். பானெட்டைத் தூக்காதீர்கள், காற்றுப் பட்டால் தீ எழும்பும். அப்புறம், பெட்ரோல் வாடை வந்தால் ஸ்டார்ட்டே செய்யாதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள். நேரம் முடிந்ததாம். வணக்கம்.